மூன்று விழுந்த ஞாயிறு

கதை சொல்லி ஆடுகிற ஆட்டம் அது. குன்னூரில் நாங்கள் நாலு பேர், ஞாயிறுதோறும் சர்ச் முடிந்து சாப்பாடும் ஆனபிறகு, எங்கள் வீட்டு மேசையைச் சுற்றி உட்காருவோம். நான் கதை சொல்வேன். மற்ற மூவருக்கும் கதைக்குள் ஆளுக்கொரு வேடம். ஆபத்து வந்தால் இருபது முகமுள்ள பகடையை உருட்ட வேண்டும். நான் கேட்ட எண்ணோ அதற்கு மேலோ விழுந்தால் பிழைத்தார்கள். ஏழு கழுதை வயசாச்சு, இதென்ன கூத்து என்று என்னோடு பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியைகள் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

மூவரில் ஒருவர் என் கணவர், ஒருவர் கீழ்த்தெரு மருந்துக்கடைக்காரர். மூன்றாமவர் எஸ்டேட் ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். அவரை நினைத்துத்தான் எனக்கு ஓயாத பயம். போன வருஷ மழையில் அவரும் அவர் மனைவியின் தம்பியும் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு மேலே தண்ணீர்க் குழாயைப் பார்க்கப் போனார்கள். கரை சரிந்தது. தம்பி போய்ச் சேர்ந்துவிட்டான். மழை ஈரத்தில் அவர் பிடித்திருந்த அவன் கை நழுவிவிட்டதாக எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் அவர் பேச்சு நின்றுபோனது. எங்கள் மேசையில் மட்டும், மலை வழிகாட்டி வேடத்தில், வாய் ஓயாமல் பேசுவார்.

ஒருநாள் மார்க்கெட்டில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க ஊட்டுக்கு வந்தா மட்டுந்தானுங்க டீச்சர் அவரு வாயைத் தொறக்கறாரு. அதையாச்சும் கெடுத்துப்போடாதீங்க. அப்படியே எங்க ஊட்லயும் பேச ஆரம்பிச்சுருவாருங்க."

நல்லா மாட்டிவிட்டாள். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் கதையில் சாவு வராமல், தம்பி என்ற சொல்லே வராமல் பார்த்துப் பார்த்துச் சொன்னேன்.

ஆனால் அரண்மனையும் கோட்டையும் எனக்கு வராது. என் கதையில் வருகிற மலையெல்லாம் நம் மலைதான். நான் நடந்த சோலை, நான் வழுக்கி விழுந்த ஓடை. அந்த ஜூலை ஞாயிறும் அப்படித்தான் ஓர் ஓடையைக் கடக்க வைத்தேன். கரையோரமாகக் கறுப்புக் குழாய் ஓடுகிறது என்றேன். கூட வரும் சுமைக்காரன் காலடியில் மண் இளகுகிறது, வழிகாட்டி எட்டி அவன் கையைப் பிடிக்கிறார் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அடிப்பாவி, என்ன சொல்லித் தொலைத்தாய்!

சொன்ன கதையைத் திரும்பப் பெறக் கூடாது, விழுந்த எண்ணை மாற்றக் கூடாது. நாங்களே போட்டுக்கொண்ட சட்டம். பதினைந்து கேட்க வேண்டிய இடம் அது. "அஞ்சு வந்தாப் போதுங்க," என்றேன். நான் கணக்கு டீச்சர். இருபதில் நாலே நாலு எண்தான் தோற்கும், விழாது, விழாது என்று மனதுக்குள் ஜெபித்துக்கொண்டேன்.

பகடை தெறித்து ஓடாமலிருக்க மேசையில் விரித்திருந்த கம்பளிக் குல்லாவின் மேல் அவர் உருட்டினார். மூன்று.

"தப்பா உருண்டுருச்சு. இன்னொருக்கா போடுங்க," என்றார் என் கணவர் அவசரமாக. "ஆமாங்க, குல்லா மடிஞ்சு கெடக்குது," என்று மருந்துக்கடைக்காரர், மடிப்பே இல்லாத குல்லாவை நீவிவிட்டார். அந்த நேரத்தில் இருவர் மீதும் எனக்கு அவ்வளவு பிரியம் வந்தது.

எலக்ட்ரீஷியன் தலையை ஆட்டினார். "மூணுன்னா மூணுதானுங்க. என்ன ஆச்சுன்னு சொல்லுங்க டீச்சர்."

"மழை பாருங்க... கையெல்லாம் ஈரம்... நழுவிருச்சுங்க," என்றேன்.

"நழுவலீங்க."

வழிகாட்டியின் மிடுக்கான குரல் இல்லை அது. அவருடைய சொந்தக் குரல்.

"என் காலுக்குக் கீழயும் மண்ணு போச்சுங்க. ரெண்டு பேருமே போயிருவோம்னு தோணுச்சு. நாந்தானுங்க விட்டேன்."

எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. அவர் பகடையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊட்ல அவளுக்கு இது தெரியாதுங்க. எப்பப் பேச வாயெடுத்தாலும் இதுதான் முன்னால வந்து நிக்குது. வேற பேச்சே வரமாட்டேங்குது. நீங்க கூட வந்தீங்கன்னா இன்னிக்கே சொல்லிப்போடறேன்."

வேண்டாம், ஆட்டத்தைத் தொடருவோம் என்று சொல்லத்தான் நினைத்தேன். இதைக் கேட்டபின் அவள் அவரோடு இருப்பாளா? என்னைத்தான் மன்னிப்பாளா? ஆனால் அவர் எழுந்து செருப்பை மாட்டத் தொடங்கிவிட்டார். நானும் சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பினேன். தேயிலைச் சரிவில் அவர் முன்னால் நடந்தார்.

ஒரு வருஷமாக அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்று தவித்துக்கொண்டிருந்தவள்தான் கதவைத் திறந்தாள். அவர் உதடு அசைவதைப் பார்த்ததும் அவள் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"சொல்லுங்க," என்றாள்.