காந்தம் ஒட்டிய தகடு

பெரிய கடைவீதியில் எவர்சில்வர் குடம் வாங்கினாலும் சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து ஒட்டிப் பார்க்கிற ஆள் நான். ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் இதைச் சொல்லிக் கேலி செய்யாதவர்கள் இல்லை. யாரையும் நம்பாததால்தான் இத்தனை நாள் ஏமாறாமல் இருக்கிறேன் என்று எனக்கு ஒரு நினைப்பு.

வேலை, திருச்சியில் ஒரு சின்ன கம்பெனியில். முசிறி, தொட்டியம் பக்கத்து வாழைத் தோட்டங்களுக்கு மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி செய்கிறோம். உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டில் பாகங்களைப் பற்றவைக்கிற ஈயப்பசை தடவ ஸ்டென்சில் வேண்டும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய எவர்சில்வர் தகடு அது, முழுக்கப் பொடிப்பொடி ஓட்டைகள். பசையை மேலே வைத்து பிளேடால் இழுத்தால், ஓட்டை உள்ள இடத்தில் மட்டும் போர்டில் இறங்கும். சாமான் வாங்குவதும் சோதிப்பதும் என் பொறுப்பு. பசை இழுப்பவர் முசிறி பஸ்ஸில் வரும் ஒரு அம்மா. அவர் சம்பளத்தில்தான் இரண்டு பெண்கள் காலேஜில் படிக்கிறார்கள்.

போன வருடம் புது ஸ்டென்சில் மாட்டியதிலிருந்து போர்டுகள் வீணாயின. பாகங்களின் அடுத்தடுத்த கம்பிக்கால்களை ஈயம் ஒன்றாக ஒட்டிவிட்டது. எனக்குச் சந்தேகம் அந்த அம்மா மேல்தான். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் பிளேடை அழுத்துகிறார் என்று முடிவு கட்டினேன். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவர் கையையே பார்த்தேன். நிதானமாக இழுத்தால், நான் பார்ப்பதால் நடிக்கிறார் என்று தோன்றியது. முதலாளியிடம் போய், "ஆளை மாத்திடலாங்க" என்றேன். சனிக்கிழமையோடு நிற்கச் சொல்லிவிட்டார் அவர்.

சனிக்கிழமை காலை, வீணான போர்டுகளை அந்த அம்மா என் மேசையில் பரப்பினார்.

"பாருங்க சார், எல்லாத்துலயும் நடுவுலதான் ஒட்டியிருக்கு. ஓரமெல்லாம் சுத்தமா இருக்கு. என் கை நடுவுல மட்டுமா கெட்டுப்போகும்?"

ஸ்டென்சில் மேல் குறுக்காக ஒரு ஸ்கேலை வைத்துக் காட்டினார். நடுவில் வெளிச்சம் தெரிந்தது. தகடு தொய்ந்திருந்தது. போர்டில் சரியாகப் படியாததால் பசை அடியில் கசிந்திருக்கிறது.

ஸ்டென்சில் கொடுத்தவரைப் போனில் பிடித்துக் கத்தினேன். அவர் சொன்னார்:

"முதல்ல விறைப்பான தகடுதாங்க அனுப்பினேன். காந்தம் ஒட்டுதுன்னு நீங்கதான் திருப்பி விட்டீங்க. உருட்டி விறைப்பாக்கின எவர்சில்வர்ல லேசா ஒட்டத்தாங்க செய்யும். ஒட்டாததுதான் வேணும்னீங்க, மெத்துனு இருக்கறதைக் கொடுத்தேன்."

முதலாளியிடம் "தகடு சரியில்லைங்க, அந்தம்மா மேல தப்பில்லை" என்று மட்டும் சொன்னேன். காந்தத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்த அம்மாவின் வேலையும் தப்பியது, என் மானமும் தப்பியது.

பத்து நாளில் விறைப்பான தகடு வந்தது. அதைச் சட்டத்தோடு என் முன்னால் நீட்டி, கோபமே இல்லாமல் அந்த அம்மா கேட்டார்.

"காந்தம் வெச்சுப் பாக்கலைங்களா சார்?"

காந்தம் ஒட்டுகிறது என்று முதல் தகட்டை நான் திருப்பி அனுப்பியபோது அட்டைப்பெட்டியில் கட்டிக் கொடுத்தவர் அவர்தான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெட்கத்தில் தலை நிமிரவில்லை. முதலாளியிடம் அவர் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றும் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.