ஜமீலுன்னிசா இளைத்த கதை

ஜமீலுன்னிசா பிளேடின் முனையால் தன் ஜாக்கெட்டின் பக்கத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தி. நகரில் ஒரு பிளவுஸ் கடையில் இருபது வருஷமாகத் தையல் வேலை. ஊரார் ஜாக்கெட் எத்தனையோ பிடித்துத் தைத்திருக்கிறாள். தன்னுடையதை இதுவரை பிரித்துப் பிரித்து லூசாக்கித்தான் பழக்கம். உள்ளே பிடிப்பது இதுதான் முதல் தடவை.

அதற்குக் காரணம் உண்டு. பதினாறு வருஷத்துக்கு முன் அவள் கணவன் ஷரீஃப் இறந்தபோது முப்பத்தெட்டு கிலோ இருந்தார். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டை ஒட்டிய அந்தச் சந்து முழுக்க அதைப் பார்த்தது. என்ன வியாதி என்றும் பேசிக்கொண்டது. அவளுக்கும் எச்.ஐ.வி. இருப்பது மட்டும் வெளியே தெரியாது. இளைத்தால்தானே சந்தேகம் வரும், இளைக்கவே விடக்கூடாது என்று அக்கா ஹபீபா முடிவு கட்டினாள். வாரம் மூன்று நாள் ராயப்பேட்டையிலிருந்து எவர்சில்வர் தூக்கில் நெய்ச்சோறும் குருமாவும் வந்தன. ஐம்பத்திரண்டு வயதில் ஜமீலுன்னிசா எழுபத்தாறு கிலோ. சந்துக்குச் சந்தேகம் வரவில்லை.

மாத்திரையை அவள் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி அடங்கிவிட்டது. ஆனால் போன வருஷத்திலிருந்து மத்தியானம் மூன்று மணி ஆனால் மெஷின் மிதிக்கிற கால் ஓய்ந்துபோகும். நாலு ஜாக்கெட் முடிக்கிற நாளில் இரண்டுதான் முடியும். படியேறினால் மூச்சு வாங்கும். ஸ்கேன் எடுத்தார்கள்.

"கல்லீரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கும்மா. இறுகவும் ஆரம்பிச்சிருக்கு," என்றார் டாக்டரம்மா.

"அது குடிக்கிறவங்களுக்கு வர்றதாச்சே? நான் டீ தவிர ஒண்ணும் குடிச்சதில்லையே."

"குடிக்காதவங்களுக்கும் வரும். எச்.ஐ.வி. இருக்கிறவங்களுக்கு இன்னும் ஜாஸ்தியாவே வருது. வருஷக்கணக்கா இருக்கிற கிருமி, பழைய மாத்திரை, ஏறின எடை எல்லாம் சேந்து. இப்போதைக்கு உங்க கையில இருக்கிறது எடைதான். ஏழெட்டு கிலோ குறைங்க, நடங்க. இப்ப விட்டா சரி பண்றது கஷ்டம்."

இரண்டு மாதத்தில் நாலு கிலோ குறைத்தாள். யாரும் பார்க்கக் கூடாதென்று மொட்டை மாடியில், துணி காயப்போடுகிற கயிறுகளுக்குக் குனிந்து குனிந்து நடந்தாள். மூன்று மணி ஓய்ச்சல் கொஞ்சம் விலகியது. ஆனால் இன்று காலை தண்ணீர்த் தொட்டியருகே எதிர்வீட்டு இசக்கியம்மாள் குடத்தை வைத்துவிட்டு மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா ஜமீலா, இப்டி எளச்சிக்கினே போற? உன் வூட்டுக்காரரு மாரியே கீறியே!"

நாலு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜமீலுன்னிசா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

செய்தி ராயப்பேட்டைக்கு எப்படிப் போனதோ, சாயங்காலம் ஹபீபா தூக்கோடு வந்து நின்றாள்.

"மூணு மாசத்துல உன் பொண்ணு இஃப்ராவுக்குக் கல்யாணம். சம்பந்தி வீடு பக்கத்துத் தெரு. இந்தப் பேச்சு அங்க போனா கல்யாணம் நிக்கும். கல்யாணம் முடியிற வரைக்கும் சாப்பிடு. அப்புறம் எளச்சுக்கோ."

"கல்லீரல் கல்யாணத் தேதி பாத்துக்கினு இருக்குமா, ஆபா?"

"வாயைப் பாரு! பதினாறு வருஷம் உன்னைக் காப்பாத்தினது இந்தச் சோறு."

"காப்பாத்தினது மாத்திரை. சோறு மறைச்சுது, அவ்வளவுதான்."

ஹபீபாவின் முகம் சுருங்கியது. சுருங்கட்டும் என்று ஜமீலுன்னிசா வேலையில் குனிந்தாள்.

கதவோரம் நின்ற இஃப்ரா உள்ளே வந்தாள். "பெரியம்மா, அம்மிகிட்ட கேட்டுட்டு யாசிர்கிட்ட நிச்சயத்துக்கு முன்னாடியே எல்லாம் சொல்லிட்டேன். தெரிஞ்சுதான் மோதிரம் போட்டாரு. மேடையில எனக்கு அம்மி நிக்கணும். குண்டா, மாலை போட்ட போட்டோ நிக்க வேணாம்."

"அவங்கம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"அவங்களுக்குச் சொல்றதும் சொல்லாததும் என் இஷ்டம்," என்றாள் ஜமீலுன்னிசா. "மறைக்கிறதுக்காக இனிமே ஒரு கவளம் திங்க மாட்டேன்."

இரண்டு பக்கமும் ஒன்றரை விரற்கடை உள்ளே பிடித்துப் புதுத் தையல் போட்டாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்தாள்.

"ஏய், உள்துணிய வெட்றியே!" ஹபீபா ஓரடி முன்னால் வந்தாள். எந்தத் தையல்காரியும் உள்துணியை வெட்டமாட்டாள். மறுபடி பெருத்தால் பிரித்துவிட அதுதான் வழி. "நாளைக்கு உடம்பு போட்டா இன்னா பண்ணுவே?"

"போடாது, ஆபா."

நறுக்கென்று வெட்டினாள். இரண்டு நீளத் துண்டுகள் ஹபீபாவின் காலடியில் விழுந்தன. தூக்கை அங்கேயே வைத்துவிட்டு அவள் படியிறங்கினாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு ஜமீலுன்னிசா மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அந்த ஜாக்கெட்டை மாட்டி, மாடிப்படி ஏறாமல் சந்தில் இறங்கினாள். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி அதே பெண்கள்.

"இசக்கி, நேத்து கேட்டியே. கல்லீரல்ல கொழுப்பு. எளைக்கச் சொன்னாங்க, எளைக்கிறேன். இன்னும் நாலு கிலோ கீது, இப்பவே பாத்து வெச்சுக்கோ." ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துவந்த தூக்கை அவள் கையில் வைத்தாள். "நெய்ச்சோறு. சூடு பண்ணித் துன்னு. நீதான் எளச்சாப்ல கீற."

யாரோ சிரித்தார்கள். இசக்கியம்மாள் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

ஜமீலுன்னிசா கச்சேரி ரோட்டுக்கு வந்து, நடுவில் நிற்காமல், சம்பந்தி வீட்டுத் தெரு வழியாகவே கோயில் குளக்கரைக்கு நடந்தாள். குளத்தை இரண்டு சுற்று சுற்றினாள். திரும்பும்போதும் அந்தத் தெரு வழியாகத்தான் வந்தாள்.