கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்

கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை ஸ்டெதஸ்கோப் என்று நினைத்து, அந்தத் தையல்காரரை டாக்டர் என்றே நம்பிவிட்டேன். பசி மயக்கம், வேறென்ன! ஈஜிபுராவில் எங்கள் தெரு கிளினிக்கில் சர்க்கரை நோய் ஆராய்ச்சிக் கூட்டம் என்று கூப்பிட்டிருந்தார்கள். கிளினிக் கூப்பிட்டால் ரத்தம் எடுக்கத்தானே என்று வெறும் வயிற்றோடு போய் உட்கார்ந்திருந்தேன். மின்விசிறி சுற்றச் சுற்ற அறையே மெல்ல மிதந்தது.

பக்கத்து நாற்காலியில் அவர். நரைத்த மீசை, சட்டைக் காலரில் ஒட்டிய நீல நூல். டேப்பின் நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

"டாக்டர், எவ்ளோ ரத்தம் எடுப்பீங்க?"

"நான் டெய்லர் சார். சும்னே பயப்படாதீங்க. நம்ம தெருவுல டெஸ்ட்ட எப்படி நடத்தலாம்னு நம்மளையே கேக்கறாங்க, அவ்ளோதான்."

"சர்க்கரை இருந்தா எல்லார் முன்னாடியும் சொல்லிடுவாங்களே! எங்க வீட்டம்மா பக்கத்துலயே நிப்பா சார்."

அவர் சிரிக்கவில்லை. ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா யோசனை கேட்டபோது நான் மின்விசிறியைப் பார்த்தேன். தையல்காரர் எழுந்தார்.

"மேடம், எனக்கு ஒரு பயம். ரிசல்ட்ட தனியா கூப்ட்டு சொல்லுங்க."

டாக்டரம்மா உடனே ஒப்புக்கொண்டார். அது தையல்காரருக்கும் இருந்த பயமா, என்னுடையதை எடுத்துப் போட்டுக்கொண்டாரா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அடுத்த மாதம் தெருவில் பரிசோதனை நடந்தது. என்னைத் தனியாக அழைத்துத்தான் சொன்னார்கள். சர்க்கரை இருந்தது. வீட்டில் நானே சொன்னேன்.