ஏழரை நாடகமும் சந்தியோகுவின் கடிதமும்

தபாற் கந்தோரில் முப்பத்தொரு வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர் சந்தியோகு. ஆனால் மன்னார்த் தீவில் அவரை நாலு பேர் அறிந்தது அந்த உத்தியோகத்தால் அல்ல. தொலைக்காட்சி நாடகங்களைப் பற்றி அவர் எழுதிய கடிதங்களால். கொழும்பிலிருந்து வரும் வாரப் பத்திரிகை ஒன்றின் 'நேயர் பார்வை' பகுதியில் மாதத்துக்கு இரண்டு தடவையாவது 'ச. சந்தியோகு, தலைமன்னார் வீதி, மன்னார்' என்று பெயர் வந்துவிடும்.

இலேசில் எதையும் மெச்சுகிற ஆள் அல்ல அவர். விஷம் குடித்து ஆஸ்பத்திரியில் கிடக்கிற மருமகளின் தலையில் மல்லிகைப்பூ வாடாமல் இருப்பது எப்படி என்று கேட்டு எழுதினார். திங்கட்கிழமை இடது கையில் இருந்த காயக்கட்டு செவ்வாய்க்கிழமை வலது கைக்கு மாறியதைக் கண்டுபிடித்து எழுதினார். மாமியார் அலமேலு கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்பது இந்த மாதத்தில் பதினோராவது தடவை, அந்த வீட்டில் அவளுக்கு வேறு வேலையே இல்லையா என்று எழுதினார். பத்திரிகை விற்கிற வஸீர் அவருக்கென்று ஒரு பிரதியை எடுத்து வைத்திருப்பார். புத்தளத்தில் பன்னிரண்டு வருஷம் அகதியாக இருந்துவிட்டு, சமாதான காலத்தில் திரும்பி வந்து கடை போட்டவர் வஸீர். "மாஸ்டர், இந்தக் கிழமை ஆருக்கு அடி?" என்று கேட்டுத்தான் பத்திரிகையை நீட்டுவார். சந்தியோகு ஒரு நாளும் படிப்பித்தவர் அல்ல. ஆனாலும் அந்த 'மாஸ்டர்' என்ற சொல் அவருக்குப் பிடித்திருந்தது.

அவர் வீட்டில் படம் துப்புரவாகத் தெரிந்ததற்குக் காரணம் றெஜி. ஒழுங்கைக்கு எதிர்ப்பக்க வீட்டில் இருந்த மார்த்தாவின் ஒரே மகன்; இருபத்தாறு வயது; பட்டணத்தில் வானொலி, தொலைக்காட்சி திருத்துகிற கடையில் வேலை. கூரையில் டிஷ்ஷைப் பூட்டியவனும் அவன்தான், காற்று அடித்துத் திரும்பிவிட்டால் ஏறி நேராக்குகிறவனும் அவன்தான். மார்த்தா கருவாடு விற்று அவனை வளர்த்தவள். புருஷன் கடலுக்குப் போய் வராமல் போனபோது றெஜிக்கு மூன்று வயது.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஒக்டோபர் பதினோராம் திகதி, வியாழக்கிழமை. அன்றைய ஏழரை மணி நாடகத்துக்காகச் சந்தியோகு நாலு மாதம் காத்திருந்தார். அலமேலுவின் கள்ளத்தனம் எல்லாம் மருமகள் கௌசல்யாவால் சபையில் வெளிப்படப் போகிற நாள். மனைவி மதலேனா கோயிலில் செபமாலைக்குப் போயிருந்தாள். பின்னேரம் முழுக்க வந்தும் போயுமாக இருந்த மின்சாரம் ஏழு மணிக்கு வந்து நிலைத்தது. சந்தியோகு கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

நாடகம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒழுங்கைக்குள் ஒரு வாகனம் வந்து நின்றது. யுத்தமும் ஆள்கடத்தலும் நடந்த அந்த நாட்களில் இருட்டிய பிறகு ஒழுங்கைக்குள் வாகனம் வந்தால், வீடுகளில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, விளக்கைத்தான் அணைப்பார்கள். சந்தியோகுவும் எழுந்து விளக்கை அணைத்தார். தொலைக்காட்சியின் சத்தத்தை முழுவதுமாகக் குறைத்தார். அதை நிறுத்தவில்லை. யன்னல் சீலையின் ஓரத்தால் பார்த்தார்.

வெள்ளை வான். மேலே சாமான் கட்டுகிற கம்பித் தட்டு, அதில் மழைக்கு மூடுகிற நீலப் படங்கு ஒன்று சுருட்டிக் கட்டியிருந்தது. பின் விளக்கு ஒன்றுதான் எரிந்தது. நாலு பேர் மார்த்தாவின் வீட்டுக்குள் போனார்கள். றெஜியைச் சாரத்தோடு, சட்டையில்லாமல் கொண்டு வந்தார்கள். மார்த்தாவை உள்ளே தள்ளிக் கதவை வெளியே கொண்டி போட்டார்கள். அவள் கதவை அடித்துக் கத்தினாள். யாரையெல்லாமோ கூப்பிட்டாள். பிறகு ஒரே பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். "சந்தியோகு அண்ணை, சந்தியோகு அண்ணை" என்று.

வான் பின்னுக்கு எடுத்துத் திருப்பிக்கொண்டு போனது. ஒழுங்கை முடிவில், பட்டணத்தையும் பெருநிலத்துக்குப் போகும் பாலத்தையும் நோக்கித் திரும்பாமல், தீவுக்குள்ளேயே பேசாலைப் பக்கம் திரும்பியது. சந்தியோகு அதைக் கண்டார்.

வான் போன பிறகு அவர் ஓடிப்போய் அந்தக் கொண்டியைத் திறந்திருக்கலாம். பதினைந்து அடி தூரம். அவர் திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்தார். பயம் இருந்தது உண்மை. ஆனால் கண் போனது திரைக்கு. சபையில் கௌசல்யா நின்றுகொண்டிருந்தாள். அலமேலுவின் முகம் கறுத்திருந்தது. சத்தம் இல்லாமல் வாய்கள் மட்டும் அசைந்தன. வேறு யாரோ வந்து மார்த்தாவின் கதவைத் திறந்துவிடும் சத்தம் கேட்ட பிறகும், கடைசிக் காட்சி முடிந்து எழுத்துகள் ஓடும் வரை, அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் போர்வையைப் போர்த்துக்கொண்டு வெளியே போனார். காய்ச்சலுக்குக் குளிசை போட்டு ஆறு மணிக்கே படுத்துவிட்டேன், ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னார். கோயிலிலிருந்து ஓடிவந்த மதலேனாவிடமும் அதையே சொன்னார். அவள் மார்த்தாவைக் கட்டிப்பிடித்து அழுதபடியே, இந்த மனுஷனுக்குக் காய்ச்சல் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்றும் அழுதாள்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையும் அவர் கடிதம் எழுதுவது வழக்கம். அந்த வெள்ளிக்கிழமையும் எழுதினார். எழுதாமல் விட்டால்தான் தவறு செய்தவன் போலத் தெரியும் என்று நினைத்தார். கௌசல்யாவாக நடித்த பெண் வார்த்தையின் துணை இல்லாமல் கண்ணாலேயே பேசினாள் என்று வாழ்நாளில் இல்லாத பாராட்டு எழுதினார். வார்த்தை எதுவும் அவர் காதில் விழவில்லை என்பது பத்திரிகைக்குத் தெரியாது. கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: 'பதினோராம் திகதி இரவு ஏழரையிலிருந்து எட்டு மணிவரை எங்கள் பகுதியில் ஒரு நிமிடம்கூட மின்சாரம் நிற்காதது எங்கள் அதிர்ஷ்டம்.' கை பழக்கத்தில் ஓடிவிட்டது. தபாலில் போட்ட பிறகும் அந்த வரி அவருக்கு உறைக்கவில்லை.

மூன்றாவது கிழமை வஸீர் பத்திரிகையை நீட்டியபோது, கடையில் நின்றபடியே வாசித்தார். ஆறு மணிக்கே படுத்தவனுக்கு மின்சாரம் நிற்காதது எப்படித் தெரியும் என்பது அந்த வரிக்கு வந்தபோதுதான் உறைத்தது. வழக்கமாக, வந்த கடிதத்தை மதலேனா கத்தரித்து அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டுவாள். அந்தக் கிழமை கடிதம் வரவில்லை என்று அவளிடம் சொன்னார். பத்திரிகையைக் கிணற்றடியில் வைத்துக் கொளுத்தினார்.

மார்த்தா மகனைத் தேடத் தொடங்கினாள். வான் பாலத்தைத் தாண்டிப் பெருநிலத்துக்குத்தான் போயிருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் வவுனியாவுக்குப் போனாள், அனுராதபுரத்துக்குப் போனாள், கொழும்புவரைக்கும் போய் மறியற்சாலை வாசல்களில் நின்றாள். ஒவ்வொரு தடவையும் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, திரும்பி வரும்போது இன்னும் கொஞ்சம் மெலிந்திருந்தாள். அவள் பஸ்ஸுக்குப் போவதை யன்னலால் பார்க்கும் ஒவ்வொரு தடவையும், அந்தப் பக்கம் இல்லை என்று சொல்ல நாக்கு எழும்பும். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பாள். அதோடு நாக்கு மடங்கிவிடும். சாப்பாட்டில் மனமில்லாமல் போனது. நாடகத்தை மட்டும் பார்த்தார்; ஆனால் முடிந்ததும் என்ன நடந்தது என்று மதலேனா கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

தை மாதம் ஒரு நாள் முற்பகல், மதலேனா சந்தைக்குப் போயிருந்த நேரம், மார்த்தா படலையைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் மடித்த பழைய பத்திரிகைத் தாள். கருவாடு சுற்றிக் கொடுக்கக் கட்டுக் கட்டாகப் பழைய பத்திரிகை வாங்குகிறவள் அவள்.

"அண்ணை, இது நீங்கள் எழுதினதுதானே?"

அவர் வாங்கிப் பார்த்தார். பார்க்க வேண்டியிருக்கவில்லை. "ஓம்" என்றார்.

மறுநாள் பகலில் அதே நாடகத்தைத் திரும்பப் போடுவார்கள், அதைப் பார்த்துத்தான் எழுதினேன் என்று சொல்லலாம் என்பது உடனே அவருக்கு நினைவு வந்தது. வாயையும் திறந்தார். "அது, தங்கச்சி, அடுத்த நாள் பகல்..." என்று தொடங்கியும் விட்டார். மார்த்தா அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் இருந்திருந்தால் அவர் அந்தப் பொய்யை முடித்திருப்பார். அவள் முகத்தில் இருந்தது கோபம் அல்ல. ஏதோ கிடைத்துவிடும் என்ற ஆவல்.

"எனக்கு உங்களோட சண்டை பிடிக்க வேண்டாம், அண்ணை. முழிச்சிருந்தனீங்கள் எண்டா கண்டிருப்பீங்கள். எந்தப் பக்கம் கொண்டு போனவங்கள்? அதை மட்டும் சொல்லுங்கோ."

சந்தியோகு சொன்னார். பேசாலைப் பக்கம் என்றார். கம்பித் தட்டையும் நீலப் படங்கையும் ஒற்றை விளக்கையும் சொன்னார். அவள் அழவில்லை. நிலத்தில் குந்தியிருந்து, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். எழும்பும்போதுதான், "நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டதோ?" என்றாள்.

"கேட்டது" என்றார் சந்தியோகு.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

மதலேனா வந்ததும் அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் மீன் பையை இறக்கி வைக்காமலே நின்று கேட்டாள். ஏசவில்லை. அன்று தொடங்கி இரண்டு கிழமை, சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவாள். அலுமாரிக் கதவில் இருந்த கடிதங்களை யார் உரித்தது என்று அவர் கேட்கவில்லை. ஒரு நாள் திறந்தபோது பசையின் தடம் மட்டும் இருந்தது.

மார்த்தா வந்துபோன மூன்றாம் நாள் அவரே அவள் வீட்டு வாசலுக்குப் போனார். அந்த வாசற்படியில் அவர் கால் வைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மனித உரிமைக் கந்தோரில் வாக்குமூலம் கொடுக்க நான் வாறன் என்றார். பேரைச் சொன்னால் உங்களுக்கும் வான் வரலாம் என்றாள். அவளுக்கு அந்தப் பயமும் இருந்தது என்பது அவரை இன்னும் குறுக வைத்தது. பரவாயில்லை என்றார். உள்ளுக்குள் பயம் அப்படியேதான் இருந்தது.

பட்டணத்துக் கந்தோரில் ஓர் இளம் உத்தியோகத்தர் எழுதிக்கொண்டார். நல்ல பிள்ளை, மெல்லக் கேட்டான். திகதி, நேரம், வாகனம், திசை. கடைசியில், இவ்வளவு நாளும் ஏன் வந்து சொல்லவில்லை என்று கேட்டான். சந்தியோகு வாய் திறக்குமுன் அவனே "பயம், என்ன?" என்று சொல்லி, 'பயம் காரணமாக' என்று எழுதினான். எல்லாரும் சொல்லும் பதில் அதுதான் போலும்.

பக்கத்துக் கதிரையில் மார்த்தா இருந்தாள். அந்த இரண்டு சொற்களோடு கையெழுத்துப் போட்டுவிட்டு எழும்பியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள். பேனாவையும் கையில் எடுத்துவிட்டார். பிறகு கீழே வைத்தார்.

"தம்பி, பயம் மட்டுமில்லை. வான் போனாப் பிறகும் நான் வெளிய போகேல்ல. நாடகம் முடியட்டும் எண்டு இருந்தனான். அதையும் எழுதுங்கோ."

உத்தியோகத்தர் நிமிர்ந்து பார்த்தான். அப்படி எழுதத் தேவையில்லை, ஐயா என்றான். எழுதச் சொல்லித்தான் சந்தியோகு நின்றார். அவன் எழுதி, திரும்ப வாசித்துக் காட்டினான். அந்த வரியை ஓர் அந்நியக் குரலில், மார்த்தாவுக்குக் கேட்கும்படி வாசித்தபோது, சந்தியோகுவுக்கு மேசைக்குக் கீழே போய்விடலாம் போல இருந்தது. கையெழுத்தை இரண்டு இடத்தில் போட்டார். மார்த்தா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாக்குமூலத்தைக் கொண்டு பேசாலையிலும் தலைமன்னாரிலும் விசாரித்தார்கள். அன்றிரவு அப்படியொரு வானைக் கண்டதாக ஒரு மீனவர் மட்டும் சொன்னார். பிறகு அவரும் நினைவில்லை என்றுவிட்டார். முதற் கிழமையிலேயே கேட்டிருந்தால் இன்னும் நாலு பேர் சொல்லியிருப்பார்களோ என்னவோ. றெஜி வரவில்லை. யுத்தம் முடிந்தும் வரவில்லை.

சந்தியோகுவைத் தேடி எந்த வானும் வரவில்லை. வஸீர் சில காலம், எழுதுவதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கண் பார்வை சரியில்லை என்றார் இவர். அதுவும் பொய்தான் என்பது சொல்லும்போதே தெரிந்தது. ஒரு நாள் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, உண்மையான காரணத்தை வஸீரிடமும் சொன்னார். வஸீர் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு 'மாஸ்டர்' என்று கூப்பிடவில்லை. 'சந்தியோகு அண்ணன்' என்றார். அது மரியாதையா, மரியாதைக் குறைவா என்று சந்தியோகுவுக்கு விளங்கவில்லை.

கந்தோர்களுக்குப் போகும் நாட்களில் மார்த்தா அவரையும் வரச் சொல்லி ஆள் அனுப்புவாள். சாட்சி நீங்கள்தானே என்பாள். பஸ்ஸில் அவள் முன்னுக்கு இருப்பாள், அவர் இரண்டு இருக்கை பின்னுக்கு. கதைக்க வேண்டியது இருந்தால் கதைப்பாள். வெயில் கூடினால், கொண்டு வந்த தண்ணீர்ப் போத்தலைத் திரும்பிப் பார்க்காமல் பின்னுக்கு நீட்டுவாள். அவர் எழும்பிப் போய் வாங்கிக் குடிப்பார்.