மாநிலப் பூ பஸ் ஏறி வந்த நாள்

மாநில விலங்கு வரையாடு, மாநிலப் பறவை மரகதப்புறா, மாநில மரம் பனை, மாநில மலர் செங்காந்தள். நாலாம் வகுப்பில் படித்ததில் இன்றுவரை எனக்கு மறக்காமல் இருப்பது இந்த நான்கும்தான். மற்ற பிள்ளைகள் இதைப் பரீட்சைக்காகப் படித்தார்கள். எனக்கோ பக்கத்தில் உட்கார ஓர் ஆள் கிடைப்பது இதில்தான் இருந்தது.

அம்மா காய்ச்சலில் இறந்துபோன வருஷம் அது. தொப்பம்பட்டிப் பக்கத்தில் எங்கள் தோட்டம். தனியாளாக வெள்ளாமையையும் பார்த்து என்னையும் பார்க்க முடியாது என்று எல்லோரும் சொன்னதன்பேரில், ஆனி மாதம் ஒரு பெரிய மஞ்சள் பையில் என் துணிமணிகளைத் திணித்துக்கொண்டு, திண்டுக்கல்லில் அத்தை வீட்டில் கொண்டுவந்து விட்டார் அப்பா. அத்தை நல்லவள்தான். ஆனால் குழாயில் தண்ணீர் வருகிற நேரம் அவளுக்குத் தெரிந்த அளவுக்கு நான் அழுகிற நேரம் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் முதல் நாளே எழுந்து நின்று, "ஏனுங்க டீச்சர்" என்று வாயைத் திறந்தேன். அன்றோடு என் பெயரே 'ஏனுங்க' ஆகிவிட்டது. மூன்று பேர் உட்காரும் கடைசி பெஞ்சில் நான் மட்டும் இருந்தேன். மத்தியானம் சோற்று டப்பாவைச் சுவரைப் பார்த்துத் திறப்பேன். சுவரில் ஒரு பல்லி உண்டு. சில நாள் அதுவும் வராது.

ஐப்பசியில் கண்காட்சி என்றார்கள். எங்கள் வகுப்புக்கு மாநிலச் சின்னங்கள். டீச்சர் மாட்டிய படத்தில் செங்காந்தளைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டேன். அது எங்கள் தோட்டத்தில் பந்தல் பந்தலாக ஏறிக் கிடக்கும் கண்வலிப்பூ. விதைக்காகப் போடுகிற வெள்ளாமை அது. விடிந்ததும் ஒவ்வொரு பூவையும் தேடிப்போய் மகரந்தத்தைக் கையால் தொட்டு வைத்தால்தான் காய் பிடிக்கும். அப்பா ஒரு வரிசை, அம்மா ஒரு வரிசை என்று எதிரும் புதிருமாக நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டே தொட்டு வைப்பார்கள். அதற்குச் செங்காந்தள் என்று ஒரு பெயர் இருப்பதும், அது மாநிலத்துக்கே பூ என்பதும் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

"இது எங்க தோட்டத்துல நெறையாக் கெடக்குதுங்க டீச்சர்."

வகுப்பு சிரித்தது. அப்படியானால் மாநில மரம் எங்கே என்று ஒருவன் கேட்டான். வரப்பில் ஏழு பனை நிற்கிறது என்றேன். தேசியப் பறவை? மயில் தினமும் வந்து தட்டைப்பயறைத் தின்றுவிட்டுப் போகும் என்றேன். உண்மையைச் சொல்லச் சொல்லப் பொய்க்காரி ஆவது எப்படி என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மணி அடித்த பிறகு, முன் பெஞ்சு இரட்டைச் சடைக்காரி மட்டும் என்னிடம் வந்தாள். "ஏய், நெசமாவே இருக்கா? கொண்டாந்து காட்டு. காட்டுனீன்னா நான் ஒம் பக்கத்துல வந்து ஒக்காந்துக்கிறேன்."

அன்றைக்கே அப்பாவுக்கு ஒரு தபால் அட்டை எழுதினேன். வெள்ளிக்கிழமை கண்காட்சி, கண்வலிப்பூ கொண்டுவரவும், கட்டாயம் வரவும். 'கட்டாயம்' என்பதன் அடியில் இரண்டு கோடு. நலமா என்று கேட்க இடம் இருந்தது. அந்த இடத்தில் பூவின் படத்தை வரைந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அப்பா வந்தார். பறித்த பூ இரண்டு பஸ் மாறி வரத் தாங்காது என்று, பூத்த கொடியையே மண்ணோடு தோண்டி எண்ணெய் டின்னில் வைத்து, குச்சி நட்டுக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். காய் பிடிக்கிற பருவத்தில் எந்த விவசாயியும் செய்யாத வேலை. ஐந்து பூக்கள், சிவப்பும் மஞ்சளுமாகத் தீ எரிகிற மாதிரி நின்றன. கக்கத்தில் அந்த மஞ்சள் பை, காலியாக, நாலாக மடித்து.

டின்னைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். டீச்சர் படத்தையும் பூவையும் மாறி மாறிப் பார்த்தார். இரட்டைச் சடைக்காரி ஓடிவந்து என் தோளில் கை போட்டுக்கொண்டாள். அம்மா போன பிறகு என்மேல் யாரும் அப்படிக் கை போட்டதில்லை. நான் அசையாமல் நின்றேன். அசைந்தால் கையை எடுத்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

அப்போதுதான் வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருந்த ஆயா எட்டிப் பார்த்தாள். "ஆத்தி! இது கண்வலிப்பூல்ல! உத்துப் பாக்காதீக புள்ளைகளா, கண்ணு வலி வந்துரும்!"

ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ பரவிக்கொண்டிருந்த நேரம். எங்கள் வகுப்பிலேயே இரண்டு பேர் வரவில்லை. சொல்லவா வேண்டும்? அத்தனை பேரும் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். தமிழ்நாட்டின் மாநில மலர் முன்னால் ஒரு வகுப்பே குருடாக நின்றது.

"அதெல்லாம் ஒன்னுமாகாதுங்க," என்றார் அப்பா, கும்பிடாத குறையாக. "நானு வெடிஞ்சு எந்திரிச்சா இதையத்தானுங்க பாத்துட்டிருக்கறேன்."

விரல் இடுக்கு வழியாக எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. பஸ் ஜன்னல் தூசி என்று நான் நினைத்தேன். என் தோளில் இருந்த கை போய்விட்டது. டீச்சர் சங்கடப்பட்டுக்கொண்டே, செடியை எடுத்துப் போய்விடுங்கள் என்றார். படத்தில் இருந்த பூவை மட்டும் எல்லோரும் நன்றாகப் பார்த்தார்கள்.

வாசலில் காம்பவுண்டுச் சுவர்மேல் டின்னையும் பையையும் வைத்துவிட்டு, அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "சாப்டயா கண்ணு? வாட்டமா இருக்கறயே. இங்கயே இருந்துக்குவயா?"

ஜன்னலில் நாலைந்து தலைகள் தெரிந்தன. அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. அப்பாவும் அந்தச் செடியும் சீக்கிரம் கண்ணில் படாமல் போனால் போதும் என்றிருந்தது. "எனக்கு இங்க நெறையாப் பேரு இருக்கறாங்கப்பா. நீங்க போங்க," என்றேன். நான் சொன்னதிலேயே பெரிய பொய் அதுதான். அதை மட்டும் அப்பா ஒரு மறுபேச்சில்லாமல் நம்பினார்.

"செரி கண்ணு," என்று டின்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். கொடி அவர் முதுகில் ஆடிக்கொண்டே போனது. பை சுவரிலேயே கிடந்தது. சந்தையில் ஏதோ வாங்கக் கொண்டுவந்து மறந்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனி மாதம் என் துணிகளெல்லாம் அதில்தான் வந்தன என்பது அப்போது எனக்கு ஞாபகமே வரவில்லை.

"அப்பா, பைய மறந்துட்டீங்க!" என்று பின்னாலேயே ஓடி, நான்தான் அதை அவர் கையில் கொடுத்தேன்.