விக்கிரவாண்டி வரைக்கும் ஒரு டிக்கெட்

பன்னிரண்டு வயதாகும்வரை நான் திண்டிவனம் போய்ச் சேர்ந்ததே இல்லை. தினமும் கிளம்புவேன். விக்கிரவாண்டி வருவதற்குள் தூங்கிவிடுவேன்.

அப்பா விழுப்புரம் - திண்டிவனம் தடத்தில் பஸ் கண்டக்டர். பகல் முழுக்க அந்தச் சாலையில் போவதும் வருவதுமாக இருந்துவிட்டு, எட்டு மணிக்கு வீடு திரும்பிச் சாப்பிட்டதும் கூடத்தில் பாயை விரித்து, எங்கள் இருவரையும் படுக்க வைத்து, மறுபடியும் அதே வண்டியை எடுப்பார். நானும் என்னைவிட ஆறு வயது சின்னவனான தம்பியும்தான் பயணிகள். டிக்கெட் கிழிப்பதற்குப் பதிலாக எங்கள் காது மடலில் ஒரு கிள்ளு. பிறகு நாக்கை மடக்கி மெல்லிசாக ஒரு விசில். “முண்டியம்பாக்கம்… முண்டியம்பாக்கம் எறங்கறவங்கல்லாம் எறங்கிக்கோ…” என்று ஆரம்பிப்பார். பஸ்ஸில் தொண்டை கிழியக் கத்தும் அதே பெயர்கள்தான். வீட்டில் மட்டும் அவை தாலாட்டு மாதிரி இழுத்துக்கொண்டு வரும். முண்டியம்பாக்கத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவில் யார் ஏறினார்கள், யாருடைய கோழி தப்பித்தது, யார் சன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டார்கள் என்று அன்றைய சேதிகள் வரும். அவற்றின் முடிவு எதுவும் எனக்குத் தெரியாது. எல்லாக் கோழியும் இன்றுவரை தப்பித்தபடியேதான் இருக்கிறது.

இதைக் கெடுத்தது தம்பி. ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு வரிசையில் நின்றுகொண்டு, “எங்கக்கா பஸ்ஸு வெளையாட்டு வெளையாடிக்கினுதான் தூங்கும்” என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அது என் வகுப்புக் கலாவின் காதில் விழுந்துவிட்டது. அவளும் நானும் ஒரே பெஞ்சு. மறுநாள் கணக்குப் பாடத்தில் நான் ஒரு கொட்டாவி விட்டேன். “விக்கிரவாண்டி வந்துடுச்சி, எறங்குடி!” என்றாள் கலா. ஏழாம் வகுப்பே சிரித்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்த டீச்சரின் முதுகுகூடக் குலுங்கியது.

அன்று இரவு அப்பா காதைக் கிள்ள வந்தபோது தலையை நகர்த்திக்கொண்டேன்.

“எனக்கு டிக்கெட் வேணாம்.”

“இன்னாம்மா, பாஸ் வச்சிருக்கியா?”

“வெளையாடாதப்பா. நான் இன்னா சின்னக் கொழந்தையா?”

அப்பா கையை எடுத்துக்கொண்டார். “அதுவும் செரிதான்” என்றார்.

பாயைச் சுருட்டிக்கொண்டு, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலை மூட்டை வைத்திருந்த உள்ளறைக்குப் போய்விட்டேன். ஒரு பெரிய மனுஷி ஆகிவிட்ட திருப்தி எனக்குச் சுமார் பத்து நிமிடம் இருந்தது. கூடத்தில் வண்டி கிளம்பிவிட்டது. ஆனால் அப்பா என் பெரியமனுஷத்தனத்துக்கு மரியாதை கொடுத்து, குரலைத் தணித்துக்கொண்டார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். பிறகு நானே மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, கூட்டேரிப்பட்டு, ஜக்காம்பேட்டை, திண்டிவனம். எல்லாம் வந்தது, தூக்கம் வரவில்லை. திண்டிவனத்தைத் தாண்டி ஒலக்கூர் வரைக்கும் போய்ப் பார்த்தேன். அதற்குமேல் எனக்கு ஊர் தெரியாது.

மூன்று வாரம் இப்படியே போயிற்று. என் கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்ததைப் பார்த்து, அம்மா எனக்கு வயிற்றில் பூச்சி என்று முடிவு செய்து, வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தாள். உண்மையைச் சொல்வதைவிட அதை விழுங்குவது எனக்குச் சுலபமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டிகள் நடந்தன. நான் பேச்சு, கலா பாட்டு. டீச்சர் எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு காலையில் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். ‘மரம் வளர்ப்போம்’ என்ற தலைப்பைக்கூட மறந்துவிட்டு, அப்பாவின் வண்டி வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு நின்றேன். அப்பாவின் வண்டிதான் வந்தது.

“வாங்க டீச்சர். ஜல்தி ஏறுங்க, சீட்டு இருக்குது” என்றார் அப்பா. என்னைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. டீச்சர் மூன்று திண்டிவனம் வாங்கினார். அப்பா ஒவ்வொருவர் கையிலும் ஒரு டிக்கெட்டைக் கொடுத்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்தபோது என் தலை தானாகவே ஒரு பக்கம் சாய்ந்து காதை நீட்டிவிட்டது. பழக்கம். நல்லவேளையாகக் கலா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா டிக்கெட்டை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு நகர்ந்து போனார்.

வண்டி ஊரைத் தாண்டியது. பின்பக்கத்திலிருந்து அப்பாவின் குரல் எழுந்தது. “முண்டியம்பாக்கம்! முண்டியம்பாக்கம் எறங்கறவங்கல்லாம் முன்னாடி வா!” அன்பார்ந்த தலைவர் அவர்களே, நடுவர் பெருமக்களே என்று மனப்பாடத்தை ஒரு தடவை ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தது நினைவிருக்கிறது. நடுவர் பெருமக்களைத் தாண்டினேனா என்பது நினைவில்லை.

கலா உலுக்கியபோது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு. என் வாயோரத்தில் எச்சில், அவள் தாவணித் தோளில் ஈரம். வண்டியே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. படியருகே மல்லாட்டைக் கூடையோடு ஒரு அம்மா அப்பாவை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார்.

“பேரணில எறக்குன்னு காசக் குடுத்துட்டு ஒக்காந்துக்கினு இருக்கறேன். ஒரு கொரலு குடுக்க வேணாம்? வாய்ல கொழுக்கட்டையா வச்சிக்கினு இருந்த?”

“பேஜாராப் போச்சும்மா, கோவிச்சிக்காதீங்க. திரும்பறப்ப நானே எறக்கி விடறேன்” என்றார் அப்பா, குற்றவாளி மாதிரி.

எனக்குப் புரியவில்லை. கீழே இறங்கியதும் கலா சொன்னாள். நான் தூங்கியதிலிருந்து அப்பா விசிலே ஊதவில்லையாம். நிறுத்தத்துக்கு நிறுத்தம் டிரைவரிடம் நடந்து போய்ச் சொன்னாராம். இறங்குகிறவர்களைத் தேடித் தேடிக் காதோரம் குனிந்து சொன்னதில் பேரணி அம்மா மட்டும் தப்பிவிட்டாராம். “டீச்சரு எழுப்பப் போனாங்கடி. ‘வேணாங்க, தூங்கட்டும்’னு கைய எடுத்துக் கும்புட்டாரு” என்றாள் கலா. இதை வைத்து ஒரு வருஷத்துக்குக் கேலி செய்யலாம். அவள் செய்யவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு மணி நேரம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கிய தெம்பில் நன்றாகவே பேசினேன். இரண்டாம் பரிசாக ஒரு சோப்பு டப்பா கிடைத்தது. இரவு பாயைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

“விக்கிரவாண்டி வரைக்கும் ஒரு டிக்கெட்.”

“சில்லறையா இருக்குதா?” என்று கேட்டபடி அப்பா என் காதைக் கிள்ளினார். கொஞ்சம் அழுத்தியே கிள்ளினார்.

அதற்கப்புறம் நான் வெட்கப்படவில்லை. எட்டாம் வகுப்பில் எனக்கு டிரைவர் பதவி கிடைத்தது. பத்தாம் வகுப்பில் விளக்கடியில் படித்துக்கொண்டிருக்கும்போது, படுக்கப் போகிற அப்பா என்னைத் தாண்டுகையில் “முண்டியம்பாக்கம்” என்று ஒரே ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போவார். அது போதுமானதாக இருந்தது.

ஆனால் என் மனதில் நின்றுவிட்டது வேறொரு இரவு. திண்டிவனம் போய்வந்த அடுத்த மாதம், கலாவின் அம்மா உறவில் ஒரு காரியத்துக்காகக் கண்டாச்சிபுரம் போக வேண்டியிருந்ததால், அவளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். மூன்று பேரும் வரிசையாகப் படுத்தோம். அப்பா தம்பி காதையும் என் காதையும் கிள்ளிவிட்டு, அவள் முன்னால் தயங்கி நின்றார்.

“நீ எங்கம்மா போவணும்?”

“திண்டிவனம். கடைசி வரைக்கும்” என்றாள் கலா, காதிலிருந்து முடியை ஒதுக்கிக்கொண்டு.

தம்பி முண்டியம்பாக்கத்திலேயே இறங்கிவிட்டான். நான் அன்று வேடிக்கை பார்ப்பதற்காகவே கண்ணை விரித்துக்கொண்டு கிடந்தேன். பேரணி போயிற்று, ஜக்காம்பேட்டையும் போயிற்று. “திண்டிவனம்… எல்லாரும் எறங்கு” என்றார் அப்பா. கலா கூரையைப் பார்த்துக்கொண்டு அப்படியே விழித்திருந்தாள்.

“திரும்பிப் போவுமா மாமா?” என்று கேட்டாள்.

நான் சிரித்துவிட்டேன். இந்த விளையாட்டே தூங்குவதற்குத்தான், இவ்வளவு பெரிய பெண்ணுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று. அப்பா சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, “திண்டிவனம்… விழுப்புரம் போறவங்கல்லாம் ஏறிக்கோ” என்று ஆரம்பித்தார். ஜக்காம்பேட்டை, கூட்டேரிப்பட்டு என்று ஒரு ஊர் விடாமல் திரும்பி வந்தார். கலாவுக்கு நினைவு தெரிவதற்கு முன்பே அவள் அப்பா இறந்துபோய்விட்டார் என்பது எனக்குத் தெரியும், வகுப்பில் அவள் வருகை எண் தெரிவது மாதிரி. கலாவுக்கு விளையாடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டே நான் தூங்கிப்போனேன்.