நாலாயிரம் ஹெர்ட்ஸ்

எங்கள் தெருக் குழாயில் நான்கு நாளுக்கு ஒரு முறைதான் தண்ணீர் வரும். அப்படிப்பட்ட ஊரில் என் மொட்டைமாடித் தொட்டி நிறைந்து வழிந்து, தண்ணீர் நாற்பது நிமிடம் சாலையில் ஓடியிருக்கிறது. எதிர்வீட்டு அம்மாள் மணி அடித்து, கதவைத் தட்டி, கடைசியில் ஜன்னல் வழியாகத் துடைப்பக் காம்பை நீட்டித் தோளில் குத்தியபோதுதான் திரும்பிப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, காதுல என்ன பஞ்சா வச்சிருக்கிய? ஊரே குடத்தத் தூக்கிட்டு அலையுது, நீங்க ரோட்டக் குளிப்பாட்டுதிய!"

திட்டியதோடு நிற்காமல் கனடாவில் இருக்கும் என் மகனுக்கும் சொல்லிவிட்டார். அவன் அன்றைக்கே கூப்பிட்டான்.

"அப்பா, காத டெஸ்ட் பண்ணுங்க. சரியில்லன்னா வீட்டப் பூட்டிட்டு கோயம்புத்தூர் போயிருங்க. அங்க பெரியவங்க இருக்கிற இடத்துல ரூம் பாத்து வச்சிருக்கேன்."

இந்த வீட்டுக்கு வந்து முப்பத்தொரு வருடம். மனைவி போய் ஆறு வருடம். கோயம்புத்தூரில் எனக்குத் தெரிந்தவர்கள் பூஜ்யம். போக எனக்கு விருப்பமில்லை.

காது பரிசோதிக்கும் இடத்தில் ஒரு இளம்பெண் அச்சடித்த தாளை எடுத்து வைத்தாள். மேலே வரிசையாக இருநூற்றைம்பது, ஐந்நூறு, ஆயிரம், இரண்டாயிரம், நாலாயிரம், எட்டாயிரம். ஓரத்தில் ஹெர்ட்ஸ் என்று இருந்தது. ரயிலில் பழைய சக ஊழியரைப் பார்த்ததுபோல் இருந்தது எனக்கு. துறைமுகத்தில் மின்பிரிவில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். மின்சாரத்தின் அலைவெண்ணை என் மேலதிகாரிகள் 'சைக்கிள்' என்றுதான் சொல்வார்கள். பதிவேட்டில் ஹெர்ட்ஸ் என்று எழுதிப் பழகியது எங்கள் வயதுக்காரர்கள். வெளிநாட்டுக் கப்பல்களில் பெரும்பாலும் அறுபது, நம் கரையில் ஐம்பது. கரையிலிருந்து மின்சாரம் கொடுக்கும் முன் மீட்டரை மற்றவர்கள் ஒரு முறை பார்த்தால் நான் மூன்று முறை பார்ப்பேன்.

ஹெர்ட்ஸ் என்பது ஒரு ஜெர்மானியரின் குடும்பப் பெயர். உலகம் முழுக்க நாள்தோறும் சொல்கிறார்கள். அப்படி ஒரு மனிதர் இருந்தார் என்று நினைப்பவர் சிலர்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்தோடு சரி. ஆனால் கனடாப் படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாதாம். மகன் என் பெயரை எழுதிவிட்டான். இப்போது அவன் அலுவலகத்தில், பேத்தியின் பள்ளியில், எல்லாரும் கூப்பிடுவது என் பெயரைத்தான். இங்கே இந்த ஒரு மாதத்தில் என் பெயரை யாரோ வாய்விட்டுச் சொன்னது மூன்று முறை. வங்கியில் இரண்டு, இந்தப் பரிசோதனை அறை வாசலில் ஒன்று.

"தாத்தா, சத்தம் கேட்டா பட்டன அமுக்குங்க. லேசாக் கேட்டாலும் அமுக்கணும்" என்று சொல்லி அந்தப் பெண் கண்ணாடிக்கு அப்பால் போய் உட்கார்ந்தாள்.

ஏமாற்ற வேண்டும் என்று நான் போகவில்லை. ஆனால் அவள் விரல் கடிகாரம்போல் ஓடியது. ஒரு சத்தம் முடிந்து ஐந்து எண்ணினால் அடுத்தது. எண்ணுவதை நிறுத்த எனக்குத் தெரியாது. சத்தம் தேய்ந்து, காதில் ஒன்றுமே விழாத இடத்திலும் ஐந்தாவது எண்ணுக்கு என் விரல் அமுக்கியது. கோயம்புத்தூர் நினைவு வந்ததும் இன்னும் கவனமாக எண்ணினேன்.

அவள் தாளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். "பேசுதப்ப மூணு தடவ 'என்னது'ன்னு கேக்கிய. பேப்பர்ல சின்னப் புள்ள காது மாதிரில்லா இருக்கு!"

தாளைப் படம் எடுத்து மகனுக்கு அனுப்பினேன். "சூப்பர்ப்பா" என்று பதில் வந்தது. கோயம்புத்தூர் அதோடு நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேத்தி வந்தாள். அவள் குரல் மெலிசு. உதடு அசைந்தது. நிறுத்தும் இடம் பார்த்து, "ஆமா கண்ணு" என்றேன். மறுபடி அசைந்தது. "ஆமா கண்ணு." முன்பெல்லாம் மகன் அருகில் வந்து அவள் சொன்னதை உரக்கச் சொல்வான். இப்போது சொல்லவில்லை, காது நன்றாக இருக்கிறது என்றுதான் தாள் சொல்லிவிட்டதே. ஏழாவது 'ஆமா'வுக்கு அவள் முகம் சுருங்கியது. எழுந்து போய்விட்டாள்.

"என்னலே கேட்டா?" என்றேன் மகனிடம்.

"என்னப்பா, நல்லாத்தான கேக்குது உங்களுக்கு? அவ பாட்டுல பரிசு வாங்கிருக்கா, பாடவா, இல்ல உங்களுக்கு வேற வேல இருக்கான்னு கேட்டா. நீங்க அதுக்கும் 'ஆமா'ங்கிய."

திங்கட்கிழமை முதல் ஆளாகப் போய் நின்றேன். "இன்னொரு தடவ எடும்மா. ஒரே சீரா விடாத. மாத்தி மாத்தி விடு. நான் எண்ணிப்புட்டேன்."

அவள் சிரித்தாள். "பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான் பாஸ் பண்ணியளா?"

இம்முறை எண்ண முடியவில்லை. இரண்டாயிரத்துக்கு மேலே, மெலிசான சத்தங்களுக்கு, விரல் சும்மாவே இருந்தது. நாலாயிரத்தில் ஒருமுறைகூட அமுக்கவில்லை. அவள் வரைந்த கோடு தாளின் அடிக்கு இறங்கிவிட்டது. வாசலில் நின்றபடியே அதையும் மகனுக்கு அனுப்பினேன், நடந்ததை ஒளிக்காமல் எழுதி. அவன் பதில் மறுநாள்தான் வந்தது. காதுக்கு மெஷின் வையுங்கள், ஒரு மாதம் பார்ப்போம், அதற்குப் பிறகும் தொட்டி வழிந்தால் கோயம்புத்தூர்தான்.

மெஷினோடு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். புதிதாகக் கேட்டவற்றை எண்ணினேன். செருப்பு, சாவி, மின்விசிறி, தட்டு, தம்ளர், நாற்காலி இழுபடுவது, என் மூச்சு. மாலைக்குள் பதினொன்று சேர்ந்தன. பதினொன்றும் நானே உண்டாக்கிய சத்தங்கள்.